31 வயதில் கடற்படைத் தலைவர்: தனபாலசிங்கம் ஏறிய படியும் ஆயர் தாவாரில் நின்றுபோன ஒரு விண்ணப்பமும்

1967 டிசம்பரில் அரச மலேசியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பு ஆஸ்திரேலியரான கொமடோர் டொலார்டிடமிருந்து கே. தனபாலசிங்கத்தின் கைக்கு வந்தது. மலேசியர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவருக்கு வயது 31. சேவையில் சேர்ந்து 12 ஆண்டுதான் ஆகியிருந்தது. இன்று அந்த வயதில் ஒருவர் லெப்டினன்ட் கமாண்டர் ஆகியிருந்தாலே வீட்டில் பொங்கல் வைத்துக் கொண்டாடுவார்கள்.

எங்கள் ஆயர் தாவார் வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு மேற்படிப்பு வழிகாட்டும் கூட்டங்களில் இந்தப் பெயர் தவறாமல் வரும். யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம ஆளு கடற்படைக்கே தலைவரா இருந்திருக்காரு, உங்களால ஏன் முடியாது?" என்று கேட்பார். கைதட்டல் விழும். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். அவர் எந்தப் பள்ளியில் படித்தார், எந்த ஆண்டில் சேர்ந்தார், அந்த இடம் எப்படிக் காலியானது என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஆய்வில் அவருடைய வாழ்க்கையை ஒரு பக்கமும், 2024-இல் கடற்படைக்கு விண்ணப்பித்த எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் கதையை இன்னொரு பக்கமும் வைத்துப் பார்க்கிறேன். பையனின் பெயரையும் குடும்ப விவரங்களையும் தவிர்த்திருக்கிறேன்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

ஆயர் தாவார், சித்தியவான், லூமுட் மூன்றும் பேராக் மாநிலத்தின் மஞ்சோங் மாவட்டத்தில் இருக்கின்றன. சுற்றிலும் தோட்டங்கள். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. லயத்து வீடுகள் பெரும்பாலும் போய்விட்டன. அங்கே இருந்தவர்கள் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, வந்துவிட்டார்கள். ஆண்களில் சிலர் குத்தகையில் பழம் வெட்டுகிறார்கள், சிலர் பாதுகாவலர் வேலைக்குப் போகிறார்கள். கடைத்தெருவில் சீனர்களின் ஃபூச்சோ பலகாரக் கடைகளும் நம்மவர் பூக்கடைகளும் அடுத்தடுத்து இருக்கும்.

லூமுட்டில் இருப்பது நாட்டின் முதன்மைக் கடற்படைத் தளம். காரில் போனால் அரை மணி நேரத்துக்குள் வாசலைத் தொட்டுவிடலாம். கடற்படையின் ஹெலிகாப்டர் பறப்பதைப் பார்த்தே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். ஆனால் அந்த வாசலைத் தாண்டி உள்ளே போன தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படைத் தலைவர்களே இந்தப் பக்கம் பிறக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மலாயா கம்யூனிஸ்டுக் கட்சியின் செயலாளராக இருந்து, அவசரகாலத்தில் பிரிட்டிஷாருடன் ஆயுதப் போர் நடத்திய சின் பெங் 1924-இல் பிறந்தது சித்தியவானில்தான். சப்பானியர் காலத்தில் அதே பிரிட்டிஷாருக்குத் தோள் கொடுத்ததற்காக அவருக்கு ஓ.பி.இ. பட்டம் கிடைத்தது, பிறகு அதைப் பறித்துக்கொண்டார்கள். அது வேறு கதை.

தனபாலசிங்கத்தின் பாதை

1936-இல் பிறந்தவர். யாழ்ப்பாணத் தமிழ் வம்சாவளி. கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தார். அந்தக் காலத்தில் நாட்டின் பேர்பெற்ற ஆங்கிலப் பள்ளிகளில் அதுவும் ஒன்று. பள்ளியில் கேடட் படை இருந்தது. துப்பாக்கி பிடிப்பதையும் அணிவகுப்பையும் சீருடையை இஸ்திரி போட்டு உடுத்துவதையும் பதின்ம வயதிலேயே பழக்கிவிடும் இடம் அது.

1955-இல் கடற்படையில் சேர்ந்தார். மலாயாவுக்கு இன்னும் சுதந்திரம் வரவில்லை. 1948 டிசம்பரில் மலாயா கடற்படை என்று மறுபடி தொடங்கப்பட்ட அமைப்பு 1952-இல்தான் 'அரச' என்ற அடைமொழி பெற்றிருந்தது. தளம் சிங்கப்பூரின் வூட்லண்ட்ஸில். மேலதிகாரிகள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். அதிகாரிப் பயிற்சிக்கு அவரை இங்கிலாந்தின் டார்ட்மத் கல்லூரிக்கு அனுப்பினார்கள். பிரிட்டிஷ் கடற்படை தன் சொந்த அதிகாரிகளை உருவாக்கும் இடம் அது. 1958 ஜூலையில் கடற்படை மலாயா அரசின் கைக்கு வந்தபோது அவர் அந்த வார்ப்பில் வார்க்கப்பட்ட இளம் அதிகாரி.

அதன் பிறகு நாட்டு நடப்பே அவரை முன்னே தள்ளியது என்று சொன்னால் மிகையாகாது. 1963-இல் மலேசியா உருவானது. அதே ஆண்டு இந்தோனேசியாவுடன் மோதல் தொடங்கி 1966 வரை நீடித்தது. கரையோரம் காவல் காக்க வேண்டிய சிறிய கடற்படைக்குத் திடீரென்று உண்மையான வேலை வந்தது. 1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் பிரிந்தது. ஒரே நாளில் மலேசியக் கடற்படையின் முதன்மைத் தளம் வேறொரு நாட்டு மண்ணில் இருப்பதாக ஆகிவிட்டது. பிரிட்டன் பாதுகாப்புச் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தது. தனபாலசிங்கம் பொறுப்பேற்ற அடுத்த மாதமே, 1968 ஜனவரியில், சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் தன் படைகளை 1971 இறுதிக்குள் விலக்கிக்கொள்வதாக அறிவித்தது.

இரவல் அதிகாரிகளை வைத்து இனியும் கடற்படையை நடத்த முடியாது. மலேசியர்கள் வேண்டும். டார்ட்மத் பயிற்சியும் கப்பல் அனுபவமும் சேர்ந்தாற்போல் உள்ள மலேசிய அதிகாரிகள் எத்தனை பேர் இருந்தார்கள்? 1950-களின் நடுவில் சேர்ந்த ஒரு சிறு கூட்டம்தான். பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்.

அதே 1967-இல்தான் விமானப்படைக்கும் முதல் மலேசியத் தலைவராக சுலைமான் சுஜாக் வந்தார். அவரும் முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். தனபாலசிங்கத்தின் வயது ஒரு தனிமனிதச் சாதனை மட்டும் அல்ல. வெள்ளைக்காரர் விட்டுப்போன நாற்காலிக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே மூத்தவர்கள் என்று யாருமே இல்லாத ஒரு காலம் அது. அந்த இடைவெளி நாட்டுக்கு ஒரே தடவைதான் வந்தது. இனி 31 வயதில் யாரும் கடற்படைத் தலைவர் ஆகப்போவதில்லை, எந்த இனத்தவராக இருந்தாலும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். "அப்ப அவரு திறமை ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். இருந்தது. காலியான இடத்தில் உட்காரக் காலம் உதவும். ஒன்பது ஆண்டு அதில் நிலைத்து நிற்கத் திறமை வேண்டும். 1969-இல் நாடு தன் கடல் எல்லையை 12 கடல்மைலாக விரித்தது. காவல் காக்க வேண்டிய தண்ணீர் அதிகமானது. 1971-இல் பிரிட்டனில் கட்டிய போர்க்கப்பல் கே.டி. ரஹ்மாட் சேர்ந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் பிரான்சிலிருந்து பெர்டானா ரகப் படகுகள் நான்கு வந்தன. எக்சோசெட் ஏவுகணை தாங்கியவை. பீரங்கிப் படகுகளை வைத்துக் கரையோரம் சுற்றிக்கொண்டிருந்த கடற்படை ஏவுகணைக் காலத்துக்குள் நுழைந்தது அவர் தலைமையில். லூமுட்டில் தளம் அமைக்கும் திட்டமும் அவர் காலத்தில்தான் உருப்பெற்றது. கப்பல்கள் முழுமையாக இங்கே குடிவந்தது அவர் ஓய்வுபெற்ற பிறகு. ஆக, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அண்ணாந்து பார்க்கும் ஹெலிகாப்டருக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது.

ரியர் அட்மிரலாகி, 1976-இல் ஓய்வு பெற்றார். வயது 40. பிறகு டான் ஸ்ரீ பட்டம், வணிகத் துறை வாழ்க்கை. சீக்கிரம் உச்சிக்குப் போனவருக்கு அதற்கு மேல் ஏற இடமில்லை. கடற்படையில் அதைவிட உயர்ந்த பதவி கிடையாது, கீழே இருப்பவர்களோ ஏறக்குறைய அவர் வயதுக்காரர்கள். 40 வயதில் ஒருவர் இரண்டாவது வாழ்க்கையைத் தொடங்க வேண்டியிருந்தது என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை.

தோட்டத்துக்கு அந்த வாசல் எங்கே இருந்தது?

மேடையில் 'நம்ம ஆளு' என்று சொல்லும்போது ஒரு பெரிய வித்தியாசத்தை விழுங்கிவிடுகிறோம். மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத் தமிழர்களில் பலர் ஆங்கிலம் படித்துவிட்டு ரயில்வேக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் வந்தவர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளி எட்டும் தூரத்தில் இருந்தது. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசைக்கு) நின்ற தமிழனின் பிள்ளைக்கு இருந்தது தோட்டப் பள்ளி, அதுவும் பெரும்பாலும் ஆறாம் வகுப்போடு சரி. 1955-இல் கடற்படை அதிகாரியாக விண்ணப்பிக்க வேண்டுமென்றால் ஆங்கிலத்தில் இடைநிலைப்பள்ளி முடித்திருக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளையின் விண்ணப்பம் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

தோட்டத்தமிழனுக்குப் படை அனுபவம் இல்லாமலும் இல்லை. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு இந்திய தேசிய ராணுவத்துக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் திரண்டு போனார்கள். ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டிய பெண்கள் துப்பாக்கி ஏந்தினார்கள். ஆனால் அந்தப் போர் பிரிட்டிஷாருக்கு எதிரானது. போர் முடிந்து, அதே பிரிட்டிஷார் புதிய மலாயாப் படைகளைக் கட்டியபோது, அந்த அனுபவத்தைச் சான்றிதழாக நீட்ட முடியுமா? பலர் மறுபடி மரத்துக்கே போனார்கள்.

இன்னொன்று. தரைப்படையின் முதுகெலும்பான அரச மலாய் ரெஜிமெண்ட் மலாய்க்காரர்களுக்கென்றே அமைந்தது. கடற்படையும் விமானப்படையும் எல்லா இனத்தவருக்கும் திறந்திருந்தன. ஒரு தமிழர் தலைமை வரை போனது கடற்படையில் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

2024: ஒரு விண்ணப்பம்

பையன் தேசிய இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவன். அப்பா செம்பனைத் தோட்டத்தில் பழம் வெட்டுபவர். அம்மா தொழிற்சாலை வேலை. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சை 2024 மார்ச்சில் முடிந்தது. ஏப்ரல் 23 காலையில், கடற்படையின் 90-ஆம் ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு ஹெலிகாப்டர்கள் லூமுட் தளத்தில் ஒன்றோடொன்று மோதி விழுந்தன. பத்துப் பேர் இறந்தார்கள். அன்று மதியத்துக்குள் அந்தக் காணொளி எங்கள் ஊரில் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது.

அம்மா அதன் பிறகு கடற்படை என்ற பேச்சையே எடுக்க விடவில்லை. "சார், பத்துப் பேரு சார். அவங்களுக்கும் அம்மா இருப்பாங்கதானே? எம்புள்ளைக்கு வேற வேலையே கெடைக்காதா?" அப்பா பேசாமல் இருந்தார். பையன் மட்டும் விடவில்லை. மே கடைசியில் பரீட்சை முடிவு வந்தது. மலாய், வரலாறு, கணிதம், அறிவியல் எல்லாவற்றிலும் நல்ல தேர்ச்சி. "அக்கா, விண்ணப்பம் போடட்டும். கூப்பிட்டா அப்புறம் பேசிக்கலாம்" என்று சொல்லி அம்மாவைச் சம்மதிக்க வைத்தோம்.

அதிகாரிப் பயிற்சிக்கு இன்று பல வாசல்கள் இருக்கின்றன. பட்டம் முடித்துவிட்டு வரலாம். சுங்கை பீசியில் உள்ள தேசிய தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்து படிப்பையும் பயிற்சியையும் ஒன்றாக முடிக்கலாம். அதற்கும் முன்னால், நான்காம் படிவத்திலேயே அரச ராணுவக் கல்லூரிக்குப் போகலாம். 1952-இல் தொடங்கிய பள்ளி அது. அங்கே படித்தவர்கள் எல்லாரும் ராணுவத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஆனால் படைத் தலைமைக்குப் போனவர்களில் பலர் அங்கே படித்தவர்கள். அந்த வாசல் ஒருவனுக்குத் திறக்கும்போது அவன் வயது 15. நம் தோட்டத்துக் குடும்பங்களில் இந்தப் பேச்சு தொடங்குவது எஸ்.பி.எம். முடிந்த பிறகு.

பையன் பல்கலைக்கழக வாசலுக்குத் தயாரானான். 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகத் தினமும் காலையில் தாமானைச் சுற்றி ஓடினான். உடற்பரிசோதனைக்கு முன்னால் சித்தியவானில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துப்போனோம். எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்தான். பிறகு கடைக்காரர் புள்ளிகள் நிறைந்த அந்தச் சின்னப் புத்தகத்தைத் திறந்தார். முதல் பக்கத்தில் 12. சரியாகச் சொன்னான். அது எல்லாருக்குமே தெரியும் பக்கம். அடுத்து வந்த ஒரு பக்கத்தில் எனக்கு 74 பளிச்சென்று தெரிந்தது. அவன் தயங்காமல் "21" என்றான். கடைக்காரர் இன்னொரு தடவை காட்டினார். மறுபடியும் 21.

சிவப்பும் பச்சையும் பிரித்தறிவதில் குறை. அப்பா நம்பவில்லை. "கண்ணு நல்லாத்தான் தெரியுது சார், ராத்திரியில மோட்டர் ஓட்டுறான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே யோசித்துச் சொன்னது எனக்கு மறக்காது. விடுமுறையில் மகன் தோட்டத்துக்கு உதவிக்கு வருவானாம். மற்றவர்கள் குலையை அண்ணாந்து பார்த்து, நிறத்தை வைத்தே பழுத்தது எது என்று சொல்லிவிடுவார்கள். இவன் மட்டும் மரத்தடியில் குனிந்து உதிரிப் பழம் கிடக்கிறதா என்று பார்ப்பானாம். உதிரி கிடந்தால் பழுத்தது. "பொறுப்பான புள்ள, தப்பாக் காய வெட்டக் கூடாதுன்னு பாக்குறான்னு நெனச்சேன்."

கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. இருட்டில் எதிரே வரும் கப்பலின் எந்தப் பக்கம் நமக்குத் தெரிகிறது, அது எந்தத் திசையில் போகிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் கணிக்க வேண்டும். மிதவைகளும் அப்படியே. கப்பலின் தளமேடையில் நின்று செலுத்தும் அதிகாரிக்கு இந்தக் குறை இருக்கக் கூடாது என்பதில் நியாயம் இருக்கிறது. அவன் விரும்பியது அந்த வேலையைத்தான். உடற்பரிசோதனையில் அதையே சொல்லி நிராகரித்தார்கள். தரைப் பணிப் பிரிவுகளைப் பற்றி விசாரிக்கலாமே என்றேன். "கப்பல் இல்லன்னா வேணாம் சார்" என்றான். ஈப்போவில் உங்கு ஓமார் போலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா படிப்பில் சேர்ந்தான். அம்மாவுக்கு உள்ளூர நிம்மதி. அதை அவர் மறைக்கவும் இல்லை.

இரண்டையும் சேர்த்துப் படித்தால்

இரு பக்கமும் திரும்பத் திரும்ப வருவது ஒரே விஷயம்: யாருக்கு எப்போது தெரிந்தது. விக்டோரியா கல்விக்கூடத்து மாணவனுக்குப் படைச் சேவை என்று ஒன்று இருப்பதும் அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதும் பள்ளித் திடலிலேயே தெரிந்தது. 19 வயதில் அவர் டார்ட்மத் போகும் பாதையில் இருந்தார். எங்கள் பையனுக்கு 18 வயதில்தான் தன் கண்ணைப் பற்றியே தெரிந்தது. ஐந்து நிமிடச் சோதனை. பன்னிரண்டு வயதில் செய்திருந்தால் ஆசையை வேறு பக்கம் வளர்த்திருக்கலாம், அல்லது எந்தப் பிரிவில் தனக்கு இடமிருக்கிறது என்று நிதானமாகத் தேடியிருக்கலாம்.

ஒதுக்கீடு, பாரபட்சம் என்ற பேச்சு இந்த இடத்தில் வரும். படைகளில் நம்மவர் எண்ணிக்கை மிகக் குறைவு என்பது உண்மை. அதற்கு வெளியே இருக்கும் காரணங்களைக் கேட்கத்தான் வேண்டும், நாடாளுமன்றம் வரை கேட்க வேண்டும். ஆனால் இந்தப் பையனை நிறுத்தியது அது அல்ல. விண்ணப்பிக்காதவர்களை நிறுத்துவதும் பெரும்பாலும் அது அல்ல என்பது என் கணிப்பு. "போனாலும் எடுக்க மாட்டாங்க" என்ற வார்த்தை வீட்டிலேயே முதல் தணிக்கையை நடத்திவிடுகிறது. தனபாலசிங்கத்தின் பெயரைச் சொல்லிக் கைதட்டும் அதே கூட்டத்தில்தான் இந்த வார்த்தையையும் அதிகமாகக் கேட்கிறேன்.

எங்கள் வழிகாட்டிக் கூட்டங்களில் இப்போது இரண்டு மாற்றங்கள் செய்திருக்கிறோம். முதல் படிவத்துக்குப் போகும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுத் தொடக்கத்தில் நிறப் பார்வைச் சோதனை. கண்ணாடிக் கடைக்காரரே புத்தகத்தோடு கோயில் மண்டபத்துக்கு வந்துவிடுகிறார், காசு வாங்குவதில்லை. இரண்டாவது, ராணுவக் கல்லூரி பற்றிய விளக்கத்தை ஐந்தாம் படிவத்துக்குச் சொல்வதை நிறுத்திவிட்டு இரண்டாம் படிவத்துப் பெற்றோருக்குச் சொல்கிறோம். பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு வராத அப்பாக்கள் இதற்கு வருகிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

அந்தப் பையனுக்கு ஒரு தம்பி இருக்கிறான். இப்போது மூன்றாம் படிவம். புள்ளிப் புத்தகத்தில் எல்லாப் பக்கமும் சரியாகப் படித்துவிட்டான், 74 உட்பட. அண்ணன்தான் வார இறுதியில் ஈப்போவிலிருந்து வந்து அவனை ஓட வைக்கிறான். விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்துப் போட இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார். போட்டுவிட்டார். இப்போது இருக்கும் தொல்லை வேறு. கடலுக்கு இவ்வளவு கிட்டத்தில் வளர்ந்தும் அவனுக்கு நீச்சல் தெரியாது. லயத்திலிருந்து வந்த குடும்பங்களில் அனேகமாக யாருக்குமே தெரியாது. நீச்சல் பழக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.